சுமைகூலி முக்கால் பணம்

சி மொழியில் 'வணக்கம்' என்று அச்சிட ஐந்து வரி போதும். அதை ஓட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரைத் திறந்தால் உள்ளே கம்பைலர் இல்லை, அடுப்பில்லாத அடுக்களை. ஜிசிசி என்ற கம்பைலரைத் தனியே இறக்க வேண்டும், விண்டோஸின் 'பாத்' பட்டியலில் அது இருக்குமிடத்தைச் சேர்க்க வேண்டும், சி நீட்சியை நிறுவ வேண்டும். பிறகு கம்பைல் செய்ய டாஸ்க்ஸ்.ஜேசான், பிழை தேட லான்ச்.ஜேசான். நிரலைவிட அமைப்புக் கோப்பு நீளம். சுண்டைக்காய் கால் பணம்தான்.

1970களில், சி மொழியை உருவாக்கிய பெல் ஆய்வகத்தார் 'சிசி' என்று கோப்பின் பெயரோடு தட்டினார்கள், அடுத்து 'ஏ.அவுட்' என்றார்கள், நிரல் ஓடியது. இன்று அத்தனையும் அமைத்து முடித்துப் பொத்தானை அழுத்திவிட்டுக் கீழ்ப்பலகத்தைப் பாருங்கள்: அங்கே நமக்காக ஓடுவதும் அதே மாதிரி ஒற்றை வரிக் கட்டளைதான்.