தரை இல்லாத வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
தரை இல்லாத வீட்டுக்காரன்,
திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
தொழில்நுட்ப மதிப்பீட்டுப் பிரிவு,
வீட்டுக்கடன் துறை,
எங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் வங்கி.

பொருள்: எங்கள் வீட்டில் தரை இருப்பதைத் தெரிவித்துக்கொள்வது – தொடர்பாக.
பார்வை: தங்கள் மதிப்பீட்டாளரின் ஆய்வறிக்கை, 'ஃப்ளோரிங் – நிலுவை' என்ற வரி.

ஐயா,

பார்வையில் கண்ட அறிக்கை கிடைக்கப் பெற்றோம். அதன்படி எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் உண்டு, சுவர் உண்டு, மேலே காங்கிரீட் உண்டு, பூச்சு, வயரிங், பெயின்ட் எல்லாம் உண்டு. தரை மட்டும் கிடையாது. ஆகவே கடைசித் தவணை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இந்த அறிக்கையைக் குடும்பத்தோடு வாசித்தோம். தரையில் உட்கார்ந்துதான் வாசித்தோம் என்பதை இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தங்கள் மதிப்பீட்டாளர் வந்த அன்று ஷூவைக் கழற்றவில்லை. அது விதியாக இருக்கலாம். ஹாலின் நடுவில் நின்று, கைப்பேசியில் நாலு மூலையையும் படம் எடுத்துவிட்டு, "தரை எப்ப சார் போடப் போறீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எங்கள் கொத்தனார், "நீங்க நிக்கிறது என்னதுங்க சார்?" என்றார். மதிப்பீட்டாளர் கீழே குனிந்து பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்ற கேள்வி வந்தபோது, தங்கள் நிறுவனத்தின் மரபை அவர் காப்பாற்றினார்.

எனவே, அவர் நின்ற இடத்தைப் பற்றிய விவரங்களைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன். ஹாலில் போட்டிருப்பது ஆத்தங்குடிக் கல். படுக்கையறை இரண்டிலும் சிவப்புச் சிமெண்டுத் தரை, அதாவது ரெட் ஆக்சைடு. வாசல் படிக்கும் போர்ட்டிகோவுக்கும் கோட்டா கல். குளியலறைக்கு மட்டும் சொரசொரப்பான செராமிக் டைல்ஸ். அந்த ஒரு அறையைத் தங்கள் அறிக்கை 'முடிவுற்றது' என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆக, ஆவணங்களின்படி நாங்கள் கடந்த சில வாரங்களாகக் குளியலறையில் வசிக்கிறோம்.

சிவப்புச் சிமெண்டுத் தரை என்பது வேலை பாதியில் நின்றதால் தெரியும் சிமெண்டு அல்ல. அடிக் காங்கிரீட்டின் மேல் சிமெண்டுக் கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அது இறுகி வரும்போதே, ஈரம் போவதற்குள், இரும்பு ஆக்சைடு பொடி கலந்த சிமெண்டை மேலே தேய்க்க வேண்டும். பிறகு கரணைதான் வேலை. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத்தான் வழவழப்பு வரும். ஒரு அறையை ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் ஒட்டுப்போட்ட இடம் காலத்துக்கும் தெரியும். அப்புறம் பாத்தி கட்டி ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நிறுத்த வேண்டும். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது அருகிவிட்டார்கள். கிடைத்தவரும் எழுபதை நெருங்குகிறவர். முட்டி போட்டுக்கொண்டே அறை முழுவதும் பின்னோக்கி நகர்ந்து வாசலுக்கு வந்து சேர்ந்தார். அந்த மனிதர் செய்த வேலைக்குத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

இதில் குறையே இல்லை என்று சொல்ல நான் விற்பனைப் பிரதிநிதி அல்ல. இந்தத் தரை கீறல் விடும். பெரிய அறையில் இடையிடையே கண்ணாடிப் பட்டையோ பித்தளைப் பட்டையோ கொடுத்துக் கட்டங்களாகப் பிரிக்காவிட்டால், அது தன் விருப்பப்படி பிரிந்துகொள்ளும். ஒரு இடம் பெயர்ந்தால் அதே நிறத்தில் ஒட்டுப்போடுவது கடினம். பதிலுக்கு, இடுக்கு என்று ஒன்று இல்லாததால் கறுத்துப்போக இடமும் இல்லை. டைல்ஸ் இடுக்கைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்த அனுபவம் உள்ளவர்கள் தங்கள் அலுவலகத்திலேயே இருப்பார்கள், விசாரித்துக்கொள்ளலாம்.

ஆத்தங்குடிக் கல் வரும் ஊர், காரைக்குடிப் பக்கம், எங்களுக்குப் போய்வரும் தூரம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் பிரிவுகளில் வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது, தீ கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவிட்டதும் கண்ணாடியைப் பிரித்தால் கல்லுக்குப் பளபளப்பு தானாக வந்திருக்கும். நடக்க நடக்க இன்னும் மெருகேறும். செட்டிநாட்டு வீடுகளில் மூன்று நான்கு தலைமுறை நடந்த தரைகள் உண்டு. தாங்கள் எங்களுக்குக் கொடுத்திருக்கும் கடன் 20 வருடத்துக்கு. தரை கடனைவிட நீண்ட நாள் உழைத்துவிடுமோ என்ற கவலைதான் தங்கள் தயக்கத்துக்குக் காரணம் என்றால், அதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்திருக்கலாம்.

"சார், சிம்பிளா ரெண்டுக்கு ரெண்டு விட்ரிஃபைடு போட்டுடுங்க, ஃபைல் மூவ் ஆயிடும்" என்று தங்கள் அலுவலர் அன்போடு ஆலோசனை சொன்னார். ஃபைல் நகரத் தரை வேண்டும் என்பது நியாயம்தான். அவர் சொன்னபடி கடைக்கும் போனோம்.

கடையில் முதலில் தெரிந்துகொண்டது, தரை வாங்குவது என்றால் விளக்கு வாங்குவது என்று. மேலே அத்தனை விளக்குகள். ஒவ்வொரு டைல்ஸும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மினுங்குகிறது. இரண்டாவது, சதுர அடி விலை என்று சொல்வது ஒரு முன்னுரை மட்டுமே. லாரி வாடகை, இறக்குகூலி, பசை, போடும் கூலி, ஸ்கர்ட்டிங், இடுக்கு அடைக்கும் பவுடர், வெட்டிச் சேதமாகும் என்று நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு அதிகம் எல்லாம் அடுத்தடுத்த அத்தியாயங்கள். உடைந்தால் பிறகு அதே டிசைன் கிடைக்காது, ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள் என்றார்கள். அது நல்ல யோசனை. டைல்ஸ் போடுகிற எவருக்கும் நானும் அதையே சொல்வேன். ஆனால் பரணில் இருக்கும் பெட்டியையும் சேர்த்துத்தான் விலை.

வரியையும் பார்த்தோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது டைல்ஸுக்கு 28 சதவீதம்; அதே வருடம் நவம்பரில் 18 ஆனது. சிமெண்டுக்கு 18 ஆவதற்கு 2025 செப்டம்பர் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே மூங்கில் தரைக்கு 12-இலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். சதுர அடி 50 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடிக்கு டைல்ஸ் என்றால் வரி 9,000 ரூபாய். மூங்கில் என்றால் 2,500. எங்கள் பகுதியில் மூங்கில் தரையை உடனே பயன்படுத்திக்கொள்ளக் கூடியவை கரையான்கள் மட்டுமே என்பதால் அந்தச் சலுகையை அவற்றுக்கே விட்டுக்கொடுத்தோம்.

பளபளப்பு பற்றித்தான் தங்களோடு சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் தரை எவ்வளவு வழுக்கும் என்று அளக்க ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சாய்தளம் ஒன்றில் டைல்ஸைப் பதித்து, மேலே எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் போட்ட ஒருவரை அதில் முன்னும் பின்னும் நடக்க விடுகிறார்கள். சாய்வை மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். எந்தக் கோணத்தில் அவருக்குக் கால் தடுமாறுகிறதோ, அதை வைத்து ஆர்9 முதல் ஆர்13 வரை தரம். பத்து டிகிரியைத் தாண்ட முடியாதது ஆர்9. முப்பத்தைந்து டிகிரிக்கு மேலும் நிற்பது ஆர்13. நாங்கள் போன கடையில் "இதுக்கு ஆர் எத்தனைங்க?" என்று கேட்டதற்கு, "ஆர் எல்லாம் இல்லைங்க, ஜிவிடி" என்று பதில் வந்தது. ஜிவிடி என்பது மேலே படம் அச்சிட்டு மெருகிட்ட வகை. அந்தப் பெயருக்கும் வழுக்கல் தரத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டு அடுக்காக மாவை அழுத்திச் சுடும் டபுள் சார்ஜ் வகையில் மேல் நிறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். வாசல் மணல் காலோடு வரும் வீடுகளில் அதுதான் நிற்கும். டைல்ஸ்தான் வேண்டும் என்கிறவர்கள் மினுமினுப்பு இல்லாத டபுள் சார்ஜைக் கேட்டு வாங்கட்டும். இதைச் சொல்ல எந்த விளக்கும் தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டில் சாய்தளமும் ஜெர்மன் பூட்ஸும் இல்லை. முட்டி வலியோடு நடக்கும் அம்மா இருக்கிறார். குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடும் பேத்தி இருக்கிறாள். தரையைத் தேர்ந்தெடுத்த குழு அந்த இரண்டு பேர்தான். தங்கள் கிளையில் ஒரு காலத்தில் மொசைக் தரை இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன் மேல் வெள்ளைப் பளிங்கு மாதிரி டைல்ஸ் ஒட்டியபிறகு, மஞ்சள் பலகை ஒன்று நிரந்தரமாக நிற்கிறது: 'தரை வழுக்கும், கவனம்'. ஒரு தரைக்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டியிருப்பதைத் தங்கள் துறை 'முடிவுற்ற தரை' என்று அழைக்கிறது. எங்கள் படுக்கையறைக்குப் பலகை தேவைப்படவில்லை. அதனால்தானோ என்னவோ அது நிலுவையில் இருக்கிறது.

மார்பிள் போட்டிருந்தால் தங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்பதை உணர்கிறோம். மார்பிள் சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் மெருகு அரிக்கும். எங்கள் வீட்டில் தினமும் ரசம் வைக்கிறோம். கொட்டாமல் வைப்பதாக உறுதிமொழிப் பத்திரம் தர முடியாது. கோட்டா கல்லும் அதே குடும்பம்தான். அதனால்தான் அதை அடுக்களைக்குள் விடாமல் வாசலோடு நிறுத்திவிட்டோம்.

மதிப்பீடு செய்வதே தங்கள் பணி என்பதால் ஒரு யோசனை சொல்ல அனுமதியுங்கள். டைல்ஸ் போட்ட வீடுகளுக்குப் போகும்போது, மதிப்பீட்டாளர் படம் எடுப்பதற்கு முன் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து டைல்ஸைத் தட்டிப் பார்க்கலாம். 'டொக் டொக்' என்று வெற்றொலி வந்தால், அடியில் முழுக்கப் பசை பூசாமல் நடுவிலும் மூலையிலும் பொட்டு பொட்டாக வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் மேல் ஆட்டுக்கல் குழவி விழுந்தால் டைல்ஸ் உடையும். இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டிய டைல்ஸ், வெயிலில் விரிந்து ஒருநாள் கூரை போல எழும்பி நிற்கும். இந்த இரண்டையும் எந்தக் கைப்பேசிப் படமும் காட்டாது. ஆனால் படத்தில் பளபளப்பு நன்றாக விழும் என்பதை மறுப்பதற்கில்லை.

இனி, தங்களோடு சமரசத்துக்கு வரத் தூண்டிய செய்தி. அதே கடையில் உள்ளே ஒரு தனி அலமாரியைக் காட்டினார்கள். 'ட்ரெடிஷனல் கலெக்‌ஷன்' என்று பெயர். ஆத்தங்குடிப் பூவை அப்படியே படமெடுத்து அச்சிட்ட டைல்ஸ் ஒரு தட்டில். அடுத்த தட்டில் சிவப்புச் சிமெண்டுத் தரையின் படம். அதில் கரணைத் தடம்கூட அச்சாகியிருக்கிறது. கொத்தனார் கை போன வளைவு ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரே மாதிரி. "இது போட்டா பேங்க்ல ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டேன். "சார், இது விட்ரிஃபைடு. தாராளமா" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் இருக்கும் தரை செல்லாது. அதன் புகைப்படம் செல்லும். எங்கள் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் அந்த டைல்ஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஈரம் போனப்புறம் தேய்ச்சிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே, கீழ்க்கண்ட ஏற்பாட்டுக்கு நாங்கள் சம்மதிக்கிறோம். ஹாலின் நடுவில், தங்கள் மதிப்பீட்டாளர் நின்று படம் எடுக்கும் அதே இடத்தில், மேற்படி புகைப்பட டைல்ஸில் ஒரு பெட்டி, நாலே நாலு, ஒட்டாமல் எங்கள் தரையின் மேல் பரப்பி வைக்கப்படும். மதிப்பீட்டாளர் அதன்மேல் நின்று, நான்கு திசையிலும் சாய்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் ஆடும், பிடித்துக்கொள்ள ஆள் வைக்கிறோம். தவணை கணக்கில் ஏறிய மறுநாள் கடைக்காரர் நாலையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், கீறல் விழாமல் இருந்தால். ஆகையால் இந்த ஒரு முறை மட்டும் மதிப்பீட்டாளர் ஷூவைக் கழற்றிவிட்டு வரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள கடன்தாரர்.

இணைப்பு: 1. டைல்ஸ் ஒரு பெட்டிக்கான பில், 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டது.
2. ஒரு ரூபாய்க் காசு ஒன்று (திருப்பித் தர வேண்டியதில்லை).