பஸ் ஓடலையா?

மலைநாட்டில் பீக்கோ ட்ரெயில் என்றொரு நடைபாதை. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்தன. வழியை மட்டும் யாரும் புதிதாகப் போடவில்லை. தோட்டத்து ஆட்கள் கொழுந்துச் சாக்கோடு தலைமுறையாய்த் தேய்த்து வைத்திருந்தது.

அதே மேடு, அதே அட்டைக்கடி. அவர்கள் ஏறினால் வேலை, நாம் ஏறினால் விடுமுறை. அவர்களுடைய நாட்கூலி ஆயிரம் ரூபாயைத் தொட 2021 வரை இழுபட்டது. நம்மாட்கள் நடைச் சப்பாத்துக்கு விலை கேட்பதுகூட இல்லை.

முதல் கட்டம் கலஹாவில் முடிகிறது. சின்ன டவுன். கண்டியிலிருந்து நடந்தே வந்ததாகப் பெருமையாகச் சொல்லிப் பாருங்கள், தேத்தண்ணிக் கடையில் பரிதாபமாகக் கேட்பார்கள்: “ஏன் தம்பி, பஸ் ஓடலையா?” எங்கள் இறக்காமமும் குறைந்ததல்ல. குளக்கட்டில் காலையில் நடப்பவரைக் கண்டால் ஸலாத்துக்கு அடுத்த கேள்வி, “காக்கா, சீனி எவ்வளவு?” வருத்தம் இல்லாமலும் ஒருவர் நடப்பார் என்று ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த கட்டம் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட தோட்டம். துரை உட்கார்ந்து மலை பார்த்த கல் இருக்கைக்கு அவர் பெயரே இருக்கிறது. அன்றைக்குக் கொழுந்து பறித்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டுவிடாதீர்கள். உட்கார விட்டால்தானே?