சிங்கப்பூர்–நியூயார்க் இடைவெளி: ஒரு நுண்ணாய்வு

"பாப்பா நியூயார்க் போறாளாம். சிங்கப்பூர்லேர்ந்து எத்தனை மணி நேரம்டா?" என்று அம்மா கேட்டார். "பதினெட்டரை" என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். முனைவர் பட்டம் வாங்கியவன் அப்படி வைக்கலாகாது. எனவே இவ்வாய்வு.

1. தூரம்

இது மூவகைப்படும்.

அ) படத்தூரம்: 1569இல் மெர்கேட்டர் வகுத்த முறைப்படி வரைந்த உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது. அம்முறையில் வடதுருவத்துக்கு இடமில்லை. இவ்விரு ஊர்களும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய 178 பாகை விலகி நிற்பதால், மிகக் குறுகிய வழியோ வடதுருவத்தை ஒட்டியே போகிறது. ஸ்கேல் தள்ளுபடி.

ஆ) வான்தூரம்: கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கி.மீ.; நெவார்க்குக்கு 15,344. இந்த ஐந்து கிலோமீட்டரில் ஆய்வுலகம் இரண்டுபட்டது. 2018இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மீண்டும் தொடங்கிய நேரடிச் சேவை நெவார்க்குக்கே என்பர் ஒருசாரார். 2020இல் கென்னடிக்கும் வந்துவிட்டதே என்பர் மறுசாரார். விமானியோ, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்றைப் பிடிக்கப் பசிபிக் பக்கம் சுற்றிப் போகிறார். அவர் இரு சாராரையும் படித்ததில்லை.

இ) டாக்சித் தூரம்: இறங்கியபின் தெரியும்.

2. நேரம்

கோடையில் சிங்கப்பூர், நியூயார்க்கைவிடச் சரியாக 12 மணி நேரம் முந்தியிருக்கும். ஆகவே முள் கடிகாரத்தைத் திருத்தவே வேண்டாம். இரவு 12க்குக் கிளம்பிப் பதினெட்டரை மணி பறந்தால் அங்கே அதே தேதி காலை 6.30. எனவே பயணம் ஆறரை மணி நேரமே என்க.

திரும்புகையில் அங்கே இரவு 10க்கு ஏறினால், மறுநாளை முழுதாக விழுங்கிவிட்டு, அதற்கடுத்த நாள் காலை 4.30க்கு இங்கே இறங்குகிறோம். முப்பதரை மணி! போனதைவிட வருவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. பூமி ஒருபக்கம் நீண்டிருக்கிறது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

உண்டு. 'சன்னலோரச் சூத்திர'த்தின் நடைபாதை உரையில், காணாமற்போன ஏழாம் ஓலையின் இடது மூலையில், எலி தின்ற மூன்றாம் வரியில் இது தெள்ளத் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. அந்த எலி வேறொரு மரபைச் சேர்ந்தது என்பாரும் உளர். அது பொருந்தாது, தின்ற பல்தடம் நம் மரபினதே.

நவம்பரில் நியூயார்க் தன் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவதால் வித்தியாசம் 13 ஆகி, மார்ச் வரை என் கோட்பாடு இடிக்கிறது. அறிஞர் வழக்கப்படி, குளிர்காலத்தை இடைச்செருகல் என ஒதுக்கினேன்.

கணக்கில் பன்னிரண்டு மணி நேரம் பிசகுகிறதே எனச் சிலர் முகம் சுளிக்கலாம். ஒரே நூலின் காலத்தை ஒருவர் முந்நூறு ஆண்டு முன்னே இழுக்க, மற்றவர் முந்நூறு ஆண்டு பின்னே தள்ள, இருவருமே துறைத்தலைவர் ஆன நாடு இது.

3. உறக்கம்

தரவு கிட்டவில்லை.

4. களப்பணி

இவ்வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350இன் நெடுந்தூர வகையில் 161 இருக்கைகள். எகானமி வகுப்பு கிடையாது. ஆகவே களப்பணி செய்யப்படவில்லை.

5. முடிவு

ஆய்வை வாசித்துக்காட்ட அம்மாவைக் கூப்பிட்டேன். பாப்பா போய் இறங்கி, குளித்து, சாப்பிட்டுத் தூங்கவும் போய்விட்டாளாம்.

பயண நேரம்: சுமார் பதினெட்டரை மணி.