ஐந்து நிமிஷ தூரம்

சென்னை மாநகரில் அடுக்குமாடி வீடு வாங்கப் புறப்படும் கிருஹஸ்தர், பளபளப்பான விளம்பரத் தாளில் ‘ரயில் நிலையத்துக்கு ஐந்தே நிமிஷம்’ என்று கண்டால், அந்த ஐந்து நிமிஷம் யாருடைய கால்களால், எந்த வேளையில், எவ்வழியாக அளக்கப்பட்டது என்று விசாரிப்பது உசிதம். ஏனெனில், வரைபடத்தின்மேல் அடிக்கோல் வைத்து அளந்தவருக்கு இடையில் கிடக்கும் நூறடிச் சாலையோ, தண்டவாளத்து மதிற்சுவரோ, ஐப்பசி மழையில் முழங்கால்வரை தேங்கும் ஜலமோ தென்படுவதில்லை.

இதனினும் விநோதமானது ‘உத்தேச’ நிலையம். இரண்டாம் கட்ட மெட்ரோவின் மூன்று வழித்தடங்களும் சேர்ந்து 100 கிலோமீட்டருக்கு மேல் நீள்வதால், மாதவரம் முதல் சிறுசேரிவரை உத்தேசத்துக்குப் பஞ்சமில்லை. ரயில் வருமுன்னரே அதன் கட்டணம் சதுர அடி விலையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. 2007இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயில், அங்கிருந்து பரங்கிமலைவரையுள்ள சுமார் ஐந்து கிலோமீட்டரைக் கடக்கப் பதினைந்து வருஷங்களுக்கு மேல் யோசித்தது என்பதையும், அதற்குள் ஒரு வீட்டுக் கடனே அடைந்து தீர்ந்திருக்கும் என்பதையும் தரகர் சொல்ல மறந்துவிடுவார். பாவம், அவருக்குத்தான் எத்தனை விஷயம் ஞாபகமிருக்கும்!

பூர்வ புண்ணியத்தால் நிலையத்தை ஒட்டியே வீடு வாய்த்த பாக்கியசாலிகளும் உண்டு. பத்திரம் பதிவான கையோடு அவர்கள் முதற்காரியமாக விசாரிப்பது, கூரை போட்ட கார் நிறுத்துமிடத்துக்கு இன்னும் எத்தனை லட்சம் என்பதைத்தான்.