எண்ணூர் மோர்டோர் இல்லை

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பங்கு வடசென்னைப் பிள்ளைகளுடையது. டிராகன், மந்திரக்கோல், மோதிரம் என்று ஆரம்பித்தாலும் கடைசியில் எல்லாரும் தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்: நான் எப்படிப்பட்ட ஆள், எதை விட்டுக்கொடுக்க மாட்டேன், யார் பக்கம் நிற்பேன். சினிமா, அரசியல் கேள்விகள் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

கல்லூரி மாணவர், ராயபுரம்
அப்பாவுக்கு ஹார்பர்ல லோடு ஏத்தி இறக்குற வேலை. நான் எந்நேரமும் டிராகன் கதை படிக்கிறேன். ‘இதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைங்க படிக்கிறது, உனக்கு எதுக்குடா?’ன்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்கிறாங்க. என்ன சொல்லட்டும்?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையை எழுதியவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று திருப்பிக் கேளுங்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1948-ல் பிறந்தது அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், பேயோன் என்ற துறைமுக ஊரில். அப்பா கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. குடியிருந்தது அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில். ஜன்னல் வழியே தெரிந்த கப்பல்களையும் அவற்றின் கொடிகளையும் பார்த்துப் பார்த்துத்தான் அந்தச் சிறுவன் போக முடியாத ஊர்களையெல்லாம் மனதுக்குள் கட்டினான். தெருப் பிள்ளைகளுக்குப் பூதக் கதை எழுதிச் சில்லறைக் காசுக்கு விற்றான். வாங்கியவர்களுக்கு நடித்தும் காட்டினான். பொம்மைக் கோட்டைக்குள் வளர்த்த ஆமைகள் ஒவ்வொன்றாகச் சாகவே, ‘இவை சதி செய்து ஒன்றையொன்று கொல்கின்றன’ என்று ஒரு கதை பின்னினான். அரியணைச் சண்டையின் விதை அங்கே விழுந்தது.

ஹார்பர் தொழிலாளி மகன் எழுதியதை ஹார்பர் தொழிலாளி மகன் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு தந்தை, தண்டையார்பேட்டை
என் மகன் மாயாஜாலப் புத்தகமும் கையுமாகவே இருக்கிறான். நிஜ வாழ்க்கை தெரியாமல் போய்விடாதா?

நம் தலைமுறையில் இரும்புக்கை மாயாவி படிக்காத பையன் யார்? 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். படித்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள், இன்று மகனைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். தப்பு வழியில் போன மாயாவி திருந்தி நல்ல பக்கம் வந்த கதை அது. அந்த மாற்றம் உங்களுக்குப் பிடித்திருக்குமே? மகனிடம் ஒன்று கேளுங்கள்: ‘இந்தக் கதையில் உனக்கு யாரைப் பிடிக்கும், ஏன்?’ அந்த ‘ஏன்’-க்கு வரும் பதிலில் அவன் மனசு இருக்கும். மார்க் ஷீட்டில் அது கிடைக்காது.

பிளஸ் டூ மாணவர், கொருக்குப்பேட்டை
ஹாரி பாட்டர் டெஸ்ட் எத்தனை தடவை போட்டாலும் எனக்கு ‘ஸ்லிதரின்’னுதான் வருது. நான் கெட்டவனா?

பிள்ளைகளை எந்த வீட்டில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மந்திரத் தொப்பி, ஹாரிக்கே முதலில் யோசித்தது ஸ்லிதரின் வீட்டைத்தான். அவன் மனதுக்குள் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று மன்றாடினான், தொப்பியும் கேட்டுக்கொண்டது. பதினோரு வயதுப் பையனின் விருப்பத்துக்கு மந்திரத் தொப்பியே வழிவிடும்போது, உங்கள் செல்போனில் இருக்கும் டெஸ்ட் எம்மாத்திரம்?

ஸ்லிதரினுக்கு அடையாளமாகச் சொல்லப்படுவது லட்சியம். அது குற்றமா? புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து கிளம்பிப் போய் 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவுக்கு லட்சியம் இல்லாமலா இருந்திருக்கும்? டெஸ்ட் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறது. நான் கேட்பது வேறு: கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்? உங்களுக்குத் திருப்பி ஒன்றும் செய்ய முடியாத ஒருவருக்கு எப்போது உதவினீர்கள்? அந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் எந்த வீட்டில் வேண்டுமானாலும் குடியிருங்கள்.

இளைஞர், புதுவண்ணாரப்பேட்டை
ஸ்டார்க் குடும்பமா, சார்பட்டா பரம்பரையா?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் ஸ்டார்க் என்ற பெயர் பிறப்பால் வருவது. வடசென்னைக் குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்பதெல்லாம் ஒரு வாத்தியாரைத் தேடிப் போய், அடி வாங்கி, வேர்வை சிந்திச் சேர்வது. தேடிப் போய்ச் சேர்ந்த வீடுதான் எனக்குப் பெரிது.

மீனவர் வீட்டுப் பிள்ளை, காசிமேடு
என் குணமே நண்பனுக்காக உயிரைக் கொடுக்கிறதுதான். இப்போ நண்பன் ஒரு தப்புப் பண்றான். அவன் பக்கம் நிக்கிறதுதானே விசுவாசம்?

நில்லுங்கள். ஆனால் பக்கத்தில் நிற்காமல் எதிரில் நில்லுங்கள், அவனை மறித்து.

ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தில், ராத்திரியில் விதியை மீறிக் கிளம்பும் ஹாரியையும் இரண்டு நண்பர்களையும் மறித்தவன் அவர்கள் தோழன் நெவில். வகுப்பிலேயே பயந்த பிள்ளை. மந்திரத்தால் அடிபட்டு மரக்கட்டையாக விழுந்தான். வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் டம்பில்டோர் அவனுக்குக் கொடுத்த பத்துப் புள்ளிதான் அவர்கள் வீடான கிரிஃபிண்டாருக்குக் கோப்பையை வாங்கித் தந்தது. எதிரியை எதிர்க்கத் தேவைப்படும் துணிச்சலுக்கு நண்பனை எதிர்க்கும் துணிச்சல் கொஞ்சமும் குறைந்ததல்ல என்பது அந்தப் பெரியவரின் கணக்கு.

இதைவிடப் பெரிய கதை உங்கள் வீட்டிலிருந்து பஸ் போகும் தூரத்தில், திருவொற்றியூரில் இருக்கிறது. சுந்தரர் சிவனுக்கே தோழர். அங்கே பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்து, மணக்க விரும்பி, உதவிக்குத் தோழரைத்தான் கூப்பிட்டார். ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு திருவாரூருக்குப் போகவும் ஆசை. அதனால் தோழரிடம் ரகசியமாக ஓர் ஏற்பாடு: ‘நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் கொஞ்சம் வெளியே மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள்.’ சிவன் சரி என்றார். நேராகச் சங்கிலியாரின் கனவில் போய், ‘மகிழமரத்தடியில் சத்தியம் கேள்’ என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பின்னால் வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. ஒன்று காஞ்சியில் திரும்பியது, மற்றொன்று திருவாரூரில். சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்ததை ஒவ்வொரு மாசித் திருவிழாவிலும் மகிழடி சேவையாக அந்த ஊர் நடத்திப் பார்க்கிறது. கல்யாணத்துக்குத் துணை நின்ற தோழர் ஏமாற்று வேலைக்குத் துணை நிற்கவில்லை. கண் போனபோதும் நட்பு முறியவில்லை.

கும்பகர்ணனா, விபீஷணனா என்று பட்டிமன்றங்கள் இன்னும் முடியவில்லை. ஒருவன் அண்ணனோடு நின்று செத்தான், இன்னொருவன் விலகிப் போனான். ஆனால் இருவரும் முதலில் அண்ணன் முகத்துக்கு நேரே ‘நீ செய்வது தப்பு’ என்று சொன்னார்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இன்னும் அந்த முதல் படியே ஏறவில்லை. இன்றைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

மாணவி, வயது 18, எண்ணூர்
நான் கோவக்காரி. நம்பினவங்களை விட மாட்டேன். பொய் பேசுறவங்களைப் பிடிக்காது. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பார்த்ததுல இருந்து எங்க ஊரை ‘மோர்டோர்’னுதான் சொல்றேன். புகைபோக்கி, சாம்பல், ராத்திரியில சிவப்பு வானம். அப்பா இங்கே ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. 2023 டிசம்பர்ல ஆத்துல எண்ணெய் வந்துச்சு, அந்த மாசமே கேஸ் லீக். நான் பேசினா, ‘சோறு போடுற இடத்தைப் பத்திப் பேசாதே’ன்னு அப்பா சொல்றாரு. நான் யாருக்கு விசுவாசமா இருக்கணும்?

முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள், தங்கச்சி. மோர்டோரில் யாருக்கும் பாட்டி வீடு கிடையாது. அங்கே யாரும் விடியற்காலையில் வலை எடுத்துக்கொண்டு கிளம்புவதில்லை. உங்கள் ஊர் ஷயர், ஃப்ரோடோ போன்ற ஹாபிட்டுகளின் சொந்த ஊர்.

நீங்கள் பார்த்தது 2001 முதல் 2003 வரை வந்த படங்கள். அவற்றில் இல்லாத ஓர் அத்தியாயம் புத்தகத்தின் முடிவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மோதிரத்தை அழித்துவிட்டு ஃப்ரோடோவும் சாமும் மற்ற இருவரும் வீடு திரும்புகிறார்கள். பார்த்தால் ஊர் ஊராக இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பழைய ஆலையை இடித்துப் பெரிதாகக் கட்டி, கழிவையெல்லாம் ஆற்றில் விடுகிறார்கள். அது கீழே ஓடிப் பெரிய ஆறு வரைக்கும் கெடுக்கிறது. செய்தவன் தூரதேசத்து அரக்கன் மட்டுமில்லை. உள்ளூர் ஆட்களும் தலையில் இறகு செருகிக்கொண்டு முதலாளியின் விதிகளை அமல்படுத்துகிறார்கள். டோல்கீன் இதைச் சும்மா எழுதவில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்த கிராமம் பர்மிங்ஹாம் நகரத்தின் விளிம்பில் இருந்தது. தனக்குப் பத்து வயது ஆவதற்குள் அந்த நாட்டுப்புறம் சீரழிக்கப்பட்டதைப் பார்த்தவர்.

உங்களுக்கு இது புதிதில்லையே. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய சிறகோடு நின்றன. மீனவர்கள் படகில் போய் பக்கெட்டிலும் மக்கிலும் அள்ளினார்கள். டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்துக்குப் பக்கத்தில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. மூச்சுத் திணறி ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று மந்திரவாதி யாரும் வரவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள்தான் ஒருவரையொருவர் எழுப்பினார்கள்.

இனி அப்பா விஷயம். அவர் பயம் நிஜம். கான்ட்ராக்ட் வேலை போனால் அடுத்த மாதம் என்ன என்று அவருக்குத்தான் தெரியும். அவரைக் கோழை என்று ஒரு நாளும் நினைக்காதீர்கள். ஷயரை மீட்கும்போது ஃப்ரோடோ வற்புறுத்தியது ஒன்றுதான்: எந்த ஹாபிட்டும் இன்னொரு ஹாபிட்டைக் கொல்லக் கூடாது, அவன் எதிர்ப்பக்கம் போயிருந்தாலும். உங்கள் கோபம் அப்பா மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு கணக்கைத் திருத்தியாக வேண்டும். உங்கள் வீட்டில் சோறு போடுவது அந்த இடமில்லை, அப்பாவின் உழைப்பு. செஞ்சோற்றுக் கடன் இருந்தால் அது அவருக்குத்தான். கேஸ் கசிந்தால் முதலில் அதைச் சுவாசிப்பதும் அவர் போன்றவர்கள்தான். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அவர்கள் மில்லில் வேலையும் பார்த்தார்கள், மில்லைக் கேள்வியும் கேட்டார்கள். அது உங்கள் வடசென்னைச் சொத்து.

உங்களுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். காற்றில் என்ன அளந்தார்கள், ஆற்றில் என்ன அளந்தார்கள், ஆய்வுக்குப் பிறகு என்ன உத்தரவு போட்டார்கள் என்று கேளுங்கள். மனு உங்கள் பெயரில் போகும். பதில் வந்ததும் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். குழாயையும் வால்வையும் பற்றி உங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும், அந்தத் தாளை அவரால்தான் சரியாகப் படிக்க முடியும். சாம் என்ன செய்தான் தெரியுமா? எல்ஃப் சீமாட்டி கேலட்ரியல் பரிசாகக் கொடுத்த சின்னப் பெட்டி மண்ணைத் தன் வீட்டுத் தோட்டத்தில் கொட்டிக்கொள்ளவில்லை. ஷயர் முழுக்க நடந்து, நட்ட ஒவ்வொரு கன்றின் வேரிலும் ஒரு துகள் வைத்தான். அவன் தோட்டக்காரன். கதையில் எனக்கு மிகவும் பிடித்தவனும் அவன்தான்.

மாணவி, திருவொற்றியூர்
நானே ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிக்கிட்டிருக்கேன். ஆனா பனி, கற்கோட்டை, வெள்ளைக்கார ஹீரோன்னே வருது. எப்படி மாத்துறது?

அர்சுலா லெ க்வின் 1968-ல் ‘எர்த்ஸீ’ வரிசையைத் தொடங்கியபோது நாயகனை மாநிறத்தவனாக, தீவுகளுக்கு நடுவே படகில் திரிபவனாக எழுதினார். 2004-ல் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியவர்கள் நாயகனாக வெள்ளைக்கார நடிகரைப் போட்டபோது பகிரங்கமாகக் கண்டித்தார். அமெரிக்கப் பெண்மணி அவ்வளவு உறுதியாக இருந்தார், நமக்கென்ன தயக்கம்?

உங்களைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். துறைமுகம் வருவதற்கு முன் இங்கே அலையைக் கடந்து கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போன மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் இன்னும் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இருட்டில் வந்து குண்டு போட, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. டிராகனுக்கு வேறு என்ன வேண்டும்? நுனிக்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்று கரும்பும் கையுமாக அலைந்த பட்டினத்தார், அது இனித்த இடம் என்று தங்கியது உங்கள் ஊர்க் கடற்கரையில். மாய உலகத்துக்கு இதைவிட நல்ல விதி ஒன்றை நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

பனியை எடுத்துவிட்டு உப்புக்காற்றைப் போடுங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள். நாயகி என்ன வேலை பார்க்கிறாள், மாசக் கடைசியில் யாரிடம் கைமாற்று வாங்குகிறாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் முதலில் அதைத்தான் தேடுவேன்.