பெட்டிக்குள் ஒரு வயிறு

கேள்வி: வீடியோ கேம் ஆடினால் லேப்ராஸ்கோப்பி சர்ஜன் ஆகலாம் என்கிறானே மகன்?

பதில்: பாதி சரி. நியூயார்க்கில் ஜேம்ஸ் ராஸர் குழு 33 பேரைச் சோதித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடிப் பழகியவர்கள் பயிற்சிப் பெட்டியில் 37 சதவீதம் குறைவாகவே தவறு செய்தார்கள். அத்தனை பேரும் ஏற்கெனவே டாக்டர்கள் என்பதைப் பையன் சொல்லியிருக்க மாட்டான்!

வயிற்றுக்குப் பதிலான அந்தப் பெட்டி லேசுப்பட்டதல்ல. துளை வழியே கருவிகளை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துப் பழக வேண்டும். கை வலப்பக்கம் போனால், திரையில் கருவியின் முனை இடப்பக்கம் ஓடும். ரப்பர் துண்டை ஒரு இடுக்கியால் எடுத்து, அந்தரத்திலேயே மறு இடுக்கிக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்ட வேண்டும். நழுவினால் போவது ரப்பர்தான்.

நிஜ வயிற்றில்? யேல் பல்கலைக்கழகத்தின் 2002 ஆய்வில், சிமுலேட்டரில் பழகாத பயிற்சி டாக்டர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, அக்கம்பக்கத்துத் திசுவைச் சுட்டுவிடவோ 5 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.