பலெர்மோ கடிதம்: விசுக்கோத்தில் எத்தனை சொட்டு?

தைப்பொங்கல் நேரம், சிசிலித் தீவின் பலெர்மோவில் குளிர். அதுவும் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்ளேதான் கூட. சிசிலிக்காரர் வெயிலை நம்பி வீடு கட்டுகிறவர்கள். அதனால் மாசி முடியும்வரை எல்லோரும் ஓவனுக்குப் பக்கத்தில்தான் குடியிருப்பு. இந்த மாதச் செய்தியும் அங்கேதான் பிறந்தது: மாமி ஒருவர் விசுக்கோத்துக்குள் குடிவகை ஊற்றிவிட்டார். செய்தி அன்றைக்கே வட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமியின் பெயர் வேண்டாம். போட்டால் அடுத்த கடிதம் எழுத ஆள் இருக்காது. எண்பதுகளிலிருந்து இங்கே வந்து சேர்ந்த நம்மவர் பலரைப் போல அவருக்கும் வீட்டு வேலைதான். தனியாக இருக்கும் ஒரு சிஞோராவை, அதாவது இத்தாலிய அம்மையாரை, பார்த்துக்கொள்கிறார். சிஞோராவுக்கு வயது எண்பதுக்கு மேல். கால் ஓடாது, வாய் ஓடும். குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு கட்டளை இடுவார், மாமி செய்வார். லிமோன்செல்லோ விசுக்கோத்து யாழ்ப்பாணத்துக் கைக்கு வந்தது இப்படித்தான்.

லிமோன்செல்லோ என்பது எலுமிச்சைத் தோலை ஊறவைத்து எடுக்கும் இனிப்பு மது. இதை முதலில் செய்தது யார் என்று காப்ரி, சொரென்டோ, அமால்ஃபி மூன்று ஊருக்கும் இன்றுவரை வழக்கு. 1988இல் காப்ரித் தீவு வியாபாரி ஒருவர் பெயரை வணிகக் குறியாகப் பதிந்து வைத்தார். மற்ற இரண்டு ஊரும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. சிஞோராவிடம் கேட்டால் மூன்று ஊரும் பொய். எலுமிச்சை என்றால் சிசிலி, அதிலும் சிரகூசா. 2011இலிருந்து அந்த எலுமிச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் உண்டு என்று அதையும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

செய்முறையைக் கேட்டால் ஊரில் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். முதலில் 96 பாகை சுத்த மதுசாரம் ஒரு லீற்றர். சந்துக்குள்ளே ஒளித்து வாங்கத் தேவையில்லை. சூப்பர்மார்க்கெட்டில் தட்டில் இருக்கிறது. நம் பக்கத்தில் இதைக் கையில் வைத்திருந்தால் பொலிஸ் வரும். இங்கே பால் வாங்கப் போன மாமி இதையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார், பக்கத்தில் இருந்த பாதிரியார் பை பாரம் என்று பிடித்துக் கொடுக்கிறார்.

அடுத்தது எலுமிச்சை, பத்துக் காய். இதில்தான் கவனம். கடைகளில் அடுக்கியிருக்கும் பளபளப்பான பழங்களின் பையில் ‘தோல் உண்ணத் தகாதது’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். பழுதாகாமல் இருக்க மேலே மெழுகும் பூஞ்சணக்கொல்லியும் பூசியிருப்பார்கள். தோலே வேலைக்காரனாக இருக்கிற பண்டத்துக்கு அது உதவாது. ஆகவே மாமி பல்லாரோ சந்தைக்குப் போய், இலையோடு கிடக்கும் மருந்தடிக்காத காய்களைப் பொறுக்குகிறார். தையில் கிடைப்பவை முதற்பூவில் காய்த்தவை. கோடையில் பச்சையாக வேறொரு காய் வரும். மரத்துக்குத் தண்ணீர் விடாமல் வாட்டி, பிறகு ஒரேயடியாக நீர் பாய்ச்சி, அது பதறிப் பூக்கும்போது எடுக்கிற விளைச்சல் அது. மரத்தைக்கூட மிரட்டி வேலை வாங்கும் ஊர் இது.

மிரட்டல் என்றதும் ஒரு கிளைக்கதை. கப்பலோட்டிகளின் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சையும் தோடம்பழமும் கேட்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 1747இல் சோதித்துக் காட்டினார். 1795இல் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது. சிசிலியின் தோட்டங்களுக்கு அடித்தது யோகம். காசு காய்க்கும் மரத்துக்குக் காவல் வேண்டும், காவலுக்கு வந்தவன் கப்பம் கேட்டான். சிசிலி மாஃபியாவின் ஆரம்பத்துக்கு இந்த எலுமிச்சைச் சந்தையும் ஒரு காரணம் என்று 2017இல் மூன்று பொருளியலாளர்கள் கணக்குப் போட்டே எழுதினார்கள். பலெர்மோவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கொங்கிறீற்று மாடிகளாகிவிட்டது. சிஞோரா இருக்கும் மாடிக்குக் கீழேயும் ஒரு தோட்டம் புதைந்து கிடக்கலாம்.

சரி, குசினிக்கு வருவோம். தோலில் மஞ்சள் மட்டும் வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளை ஒட்டினால் கைக்கும். மாமி சீவிய ஒவ்வொரு துண்டையும் சிஞோரா யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஊரில் மாப்பிள்ளை பார்த்தவர்கள்கூட இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. தேறிய தோல்கள் மதுசாரத்தில் விழுந்து, இருட்டு அலுமாரியில் சில கிழமை கிடக்கும். பிறகு ஒன்றரை லீற்றர் தண்ணீரில் 800 கிராம் சீனியைக் கரைத்து, ஆறவிட்டு, வடித்த மதுசாரத்தோடு கலக்க வேண்டும். தெளிவாக இருந்த இரண்டும் சேர்ந்ததும் கலங்கி மஞ்சளாகிவிடும். தோலின் எண்ணெய் மதுசாரத்தில் கரைந்திருக்கும். தண்ணீர் கூடியதும் கரைய இடமில்லாமல் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கும். முதல்முறை பார்த்த மாமி பழுதாகிவிட்டது என்று வாய்க்காலில் ஊற்றப் போக, கால் ஓடாத சிஞோரா அன்றைக்கு ஓடினார். முடிவில் போத்தலில் இருப்பது ஏறக்குறைய 32 வீத மது. உறைபெட்டியில் வைத்தாலும் கட்டியாகாது.

இதில் மூன்று மேசைக்கரண்டிதான் விசுக்கோத்துக்குப் போகிறது. 100 கிராம் சீனியில் இரண்டு எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டு விரலால் தேய்க்க வேண்டும். சீனியின் முனைகள் தோலின் எண்ணெயைக் கீறி எடுக்கும், குசினி முழுக்க மணக்கும். அதோடு 100 கிராம் பட்டரை அடித்து, ஒரு முட்டை, பிறகு லிமோன்செல்லோ, கடைசியில் 300 கிராம் கோதுமை மாவும் அரைப் பைக்கற் பேக்கிங் பவுடரும். குழைத்த மாவைச் சற்றுக் குளிரவைத்து நெல்லிக்காய்ப் பருமனில் உருட்டினால் முப்பது தேறும். 180 பாகையில் ஒரு கால் மணித்தியாலம். அடி மட்டும் இலேசாகச் சிவந்தால் போதும். மேலே சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கல்லாகிவிடும். ஆறிய பிறகு, ஐசிங் சீனியில் இரண்டு மேசைக்கரண்டி லிமோன்செல்லோவைக் குழைத்து மேலே ஊற்றி உலரவிடுவார்கள்.

மாமி தட்டைக் கையில் ஏந்தி வீடியோவில் காட்டிய நேரம், பின்னால் மேசையில் மஞ்சள் போத்தல் நின்றது.

“பிள்ளை, அதென்ன போத்தில்?” என்றார் கொக்குவிலில் இருக்கும் மாமியின் அம்மா.

“எலுமிச்சைத் தண்ணி அம்மா.”

“தண்ணிக்கு ஏன் இவ்வளவு சின்னக் கிளாசு?”

அம்மாவுக்கு எண்பத்தைந்திலும் கண் கூர்மை. விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்து, பொங்கலுக்குப் பிள்ளையார் முன் இதை வைப்பதா என்ற கேள்விக்கு வந்துவிட்டது. சூட்டில் மதுவெல்லாம் ஆவியாகிவிடும் என்று மாமி வாதாடினார். ஓவனில் கால் மணித்தியாலம் இருந்தால் சாராயம் இருக்குமா என்ன?

இருக்கும் என்றாள் மாமியின் மகள். அவள் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறாள். வீட்டுக்குள் ஒரு விஞ்ஞானி இருப்பதில் உள்ள தொல்லை இது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்துக் கால் மணித்தியாலம் சூடாக்கிய மதுவில் 40 வீதம் மிஞ்சும். மாவுக்குள் ஊற்றிய 45 மில்லிலீற்றரில் சுத்த மது பதினான்கு. மிஞ்சுவது ஆறுக்குச் சற்றுக் குறைவு. முப்பது விசுக்கோத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு நாலைந்து சொட்டு. அம்மம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

அவள் அங்கே நிறுத்தியிருக்கலாம். “ஆனால் மேலே பூசினது ஓவனுக்குள்ளேயே போகேல்லை அம்மம்மா” என்றாள். மாவில் மிஞ்சியதைவிட அந்தப் பூச்சில் இருப்பது கூட. உலரும்போது கொஞ்சம் பறந்தாலும் மீதி அங்கேயேதான். பத்து விசுக்கோத்துத் தின்றால் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சுத்த மது. கொக்குவிலில் இணைப்பு அறுந்தது. அது சிக்னல் கோளாறுதான் என்று மாமி இன்றைக்கும் நம்புகிறார்.

கடிதக்காரரின் கட்சி வேறு. சிஞோராவின் குசினியில் தோல் இழந்த பத்து எலுமிச்சைகள் மொட்டையாகக் கிடந்தன. தோலை எறிந்துவிட்டுச் சாறு பிழிகிற நமக்கு அது விசித்திரமான காட்சி. அந்தச் சாற்றை ஐசிங் சீனியில் குழைத்தால் பூச்சு இன்னும் நன்றாக, புளிப்பாக வரும். மாவுக்குள்ளும் மதுவுக்குப் பதில் சாறும் கூடுதல் துருவலும் போடலாம். மணம் தோலில்தானே இருக்கிறது. மாமி மறுநாளே அப்படி ஒரு தட்டுச் செய்தார். பிள்ளைகள் அதையே கேட்கிறார்கள். பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கோவிலுக்கு மொன்டே பெல்லெக்ரீனோ மலையேறும் நம்மவர்கள், சைவரும் வேதக்காரரும் சேர்ந்து, அதைத்தான் பையில் கட்டிக்கொண்டு போகிறார்கள். சிஞோரா மட்டும் ஒரு கடி கடித்துவிட்டு, இது ஆஸ்பத்திரி விசுக்கோத்து என்றார்.

இரண்டாவது தட்டோடு மாமி மறுபடி கொக்குவிலை அழைத்தார். ஒரு சொட்டும் இல்லை, மகள் சாட்சி. அம்மா நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. முட்டை போட்டனியோ?”

ஒன்று போட்டதுதான். பிள்ளையாருக்கு வழமைபோலச் சர்க்கரைப் பொங்கலே படைத்தார்கள். ஒரு கிண்ணம் சிஞோராவுக்கும் போனது. அவர் முழுதாகச் சாப்பிட்டு, கரண்டியை நக்கி, அருமை என்றார். இறக்குகிற நேரத்தில் இரண்டு கரண்டி லிமோன்செல்லோ விட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். இதை மட்டும் மாமி இன்னும் கொக்குவிலுக்குச் சொல்லவில்லை.